இலை உதிரும் காலத்தில் கவாத்து: வாசகர் கேள்வி – பதில்

கே: இலைகள் மஞ்சளாகத் தொடங்கிவிட்டன. உறைபனி இறங்குவதற்குள் தோட்டத்தில் உள்ள எல்லாவற்றையும் ஒரே நாளில் கவாத்து செய்து முடித்துவிடலாம் என்றிருக்கிறேன். சரிதானே?

ப: வேண்டாம். இலை மஞ்சளாகும் நாட்களில்தான் செடி உள்ளுக்குள் மும்முரமாக இருக்கும். இலையில் மிச்சமிருக்கும் சத்தை இறக்கித் தண்டிலும் வேரிலும் சேர்த்துவைக்கும். அடுத்த ஆண்டின் முதல் தளிர் இந்தச் சேமிப்பிலிருந்துதான் வரும். இறக்கி முடிப்பதற்குள் கிளையை வெட்டினால் சேமிப்பும் கிளையோடு குப்பைக்குப் போகும்.

அதைவிடப் பெரிய தொல்லை தளிர் விடுவது. கிளையின் நுனி மொட்டு ஆக்சின் என்ற ஹார்மோனைக் கீழே அனுப்பி, கணுக்களில் உள்ள பக்க மொட்டுகளை எழவிடாமல் அடக்கிவைத்திருக்கும். நுனியை நறுக்கினால் அந்தத் தடை போய்விடும். வெயிலும் வெதுவெதுப்பும் கொஞ்சம் மிச்சமிருந்தால் புதுக் கொழுந்து கிளம்பிவிடும். அது முற்றித் தண்டாவதற்கு ஆறு வாரமாவது வேண்டும். அதற்குள் உறைபனி விழுந்தால் கொழுந்து கருகும். சில சமயம் கருகல் கொழுந்தோடு நிற்காமல் பழைய தண்டுக்குள்ளும் இறங்கும்.

வெட்டுக்காயமும் இப்போது சீக்கிரம் மூடாது. காயத்தைச் சுற்றிப் புதுப் பட்டை வளரவேண்டும் என்றால் செடி வளர்ச்சியில் இருக்கவேண்டும். ஈரமும் குளிரும் சேர்ந்த இந்த நாட்களில்தான் மரத்தை அழுகவைக்கும் பூஞ்சைகள் பலவும் வித்துகளைத் தூவிக்கொண்டிருக்கும்.

அதனால் இப்போது கத்தரியை எடுப்பதென்றால் காய்ந்தது, முறிந்தது, நோய்பட்டது ஆகிய மூன்றுக்கு மட்டும் எடுங்கள். நோய்பட்டதை மட்டும் மழையில்லாத, உலர்ந்த நாளில் வெட்டுங்கள். வடிவம் கொடுப்பது, உயரம் குறைப்பது போன்ற வேலைகளுக்குப் பெரும்பாலான மரம் செடிகளில் ஏற்ற நேரம் குளிர்காலத்தின் கடைசி வாரங்கள், அதாவது மொட்டு பருக்கத் தொடங்குவதற்குச் சற்று முன்.

கிளை காய்ந்ததா இல்லையா என்று சந்தேகமாக இருந்தால் நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டிப் பாருங்கள். கீழே ஈரப் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக வறண்டிருந்தால் பச்சை தட்டுப்படும்வரை கீழே சுரண்டிக்கொண்டே வந்து, அதற்குக் கீழே உள்ள நல்ல மொட்டுக்கு மேல் வெட்டுங்கள்.

கே: என் ஹைட்ரேஞ்சியா மூன்று ஆண்டுகளாக இலையாகவே தழைக்கிறது, ஒரு பூ இல்லை. ஆண்டுதோறும் இலை உதிரும் காலத்தில் ஒழுங்காக அரை அடிக்கு வெட்டிவிடுகிறேன். உரமும் போடுகிறேன். என்ன குறை?

ப: அந்த ‘ஒழுங்காக வெட்டுவது’தான் குறை. பெரிய உருண்டைப் பூ விடும், நீலமோ இளஞ்சிவப்போ பூக்கும் வகைதான் உங்களிடம் இருக்கவேண்டும். அடுத்த கோடையில் விரியவேண்டிய பூ மொட்டு, இந்தக் கோடையின் பிற்பகுதியிலேயே தண்டின் நுனிப் பக்கம் உருவாகிவிடும். நீங்கள் வெட்டி எறிவது அந்த மொட்டைத்தான். எஞ்சிய அடித்தண்டிலிருந்து வருவது இலைக்கிளை மட்டும்.

இப்போது போய் ஒரு தண்டைக் கிட்டத்தில் பாருங்கள். காய்ந்த பூங்கொத்துக்குக் கீழே எதிரெதிராக இரண்டு மொட்டுகள் புடைத்து நிற்கும். கொஞ்சம் தள்ளி இன்னொரு ஜோடி இருக்கும். மேலே உள்ளவை பருத்து, கூம்பாக, பச்சையும் ஊதாவும் கலந்திருக்கும். அடியில் இருப்பவை தட்டையாகத் தண்டோடு ஒட்டிக் கிடக்கும். மேலே பருத்திருப்பவற்றில்தான் அடுத்த ஆண்டின் பூ இருக்கிறது.

காய்ந்த பூங்கொத்தைக் குளிர்காலம் முழுக்க அப்படியே விட்டுவையுங்கள். பார்க்க அழகில்லைதான், ஆனால் கீழே உள்ள மொட்டுகளுக்கு அது குடை. உறைபனி அபாயம் நீங்கிய பிறகு, முதல் பருத்த ஜோடிக்குச் சற்று மேலே கொத்தை மட்டும் நறுக்கினால் போதும். புதர் நெருக்கமாகிவிட்டால் ஆண்டுக்கு ஒன்றிரண்டு பழைய தண்டுகளை மண்மட்டத்தில் எடுத்துவிடலாம். தழைச்சத்து மிகுந்த உரத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள். அதுவும் இலைக்கே போகிறது.

எல்லா ஹைட்ரேஞ்சியாவும் இப்படி இல்லை. கூம்பு வடிவக் கொத்துள்ள பேனிகுலேட்டாவும், வெள்ளை உருண்டை பூக்கும் ஆர்போரெசென்ஸும் அந்தந்த ஆண்டு வளரும் புதுத்தண்டில் பூக்கும். அவற்றைக் குளிர்காலக் கடைசியில் தைரியமாகவே வெட்டலாம். ஒவ்வொரு தண்டிலும் இரண்டு மூன்று ஜோடி மொட்டு மிஞ்சினால் போதும்.

லைலாக், ஃபோர்சித்தியா, அசேலியா, ரோடோடெண்ட்ரான் ஆகியவை முதலில் சொன்ன உருண்டைப் பூ ஹைட்ரேஞ்சியாவின் கட்சி. வசந்தத்தில் பூப்பவை எல்லாமே ஏறக்குறைய அப்படித்தான். பூ உதிர்ந்த கையோடு வெட்டவேண்டும். இப்போது தொட்டால் அடுத்த வசந்தத்தின் பூ போயிற்று.

கே: ரோஜாவை இப்போது வெட்டலாமா, கூடாதா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

ப: இருவரும் பாதி சரி. புதர் ரோஜாவுக்கு முழுக் கவாத்து குளிர்காலக் கடைசியில்தான். ஆனால் ஆள் உயரத்துக்கு வளர்ந்த தண்டுகளை அப்படியே விட்டால் காற்றில் ஆடும். ஆட ஆட அடித்தண்டைச் சுற்றி மண்ணில் புனல் மாதிரிக் குழி விழும். அதில் தண்ணீர் நின்று உறைந்தால் வேர்க்கழுத்து கெடும். அதனால் இலை கொட்டியதும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் குறைத்துவிடுங்கள். மொட்டு பார்த்து, கோணம் பார்த்து வெட்டவேண்டியதில்லை. எப்படியும் பிறகு இன்னொரு முறை வெட்டப்போகிறீர்கள். ஏற்கெனவே குழி விழுந்திருந்தால் மண் போட்டுக் காலால் அழுத்திவிடுங்கள்.

வாடிய பூவைக் கிள்ளுவதையும் பருவம் மாறும்போதே நிறுத்திவிடலாம். காய் பிடிக்க விட்டால் செடி மெல்ல வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். இலையில் கரும்புள்ளி வந்திருந்தால் உதிர்ந்த இலைகளை ஒன்றுவிடாமல் கூட்டி அள்ளுங்கள். அந்தப் பூஞ்சை குளிர்காலத்தை அங்கேதான் கழிக்கிறது.

கே: கொடி ரோஜாவுக்கும் இதே கணக்கா?

ப: இல்லை. கோடை முழுக்க விட்டுவிட்டுப் பூக்கும் கொடி ரோஜாவை இலை கொட்டிய பிறகு, கடுங்குளிருக்கு முன் கவாத்து செய்யலாம். நீண்ட முதன்மைத் தண்டுகளை வெட்டாமல், முடிந்த அளவு படுக்கைவாட்டில் வளைத்துக் கட்டுங்கள். அவற்றில் பூத்து முடிந்த பக்கக்கிளைகளை இரண்டு மூன்று மொட்டுகளுக்குக் குறைத்துவிடுங்கள். படுத்த தண்டில் நுனியின் அதிகாரம் குறையும், அதனால் வழிநெடுகக் கணுக்கள் எழுந்து பூக்கும். நிமிர்த்திக் கட்டினால் உச்சியில் மட்டும் பூத்து, கண்மட்டத்தில் வெறும் முள்ளாக நிற்கும். ஆண்டுக்கு ஒரே தடவை கொட்டிப் பூக்கும் படர்ரோஜாவுக்குக் கோடையில் பூ முடிந்ததுமே வேலை முடிந்திருக்கவேண்டும். இப்போது விட்டுவிடுங்கள்.

கே: பத்து வயது ஆப்பிள் மரம். உள்ளே காடாக அடைந்து கிடக்கிறது. போன முறை நன்றாகக் கழித்துவிட்டோம். அதன்பிறகு ஈட்டி ஈட்டியாகப் போத்துகள் கிளம்பிவிட்டன, காயும் குறைந்துவிட்டது. எப்படிச் சரிசெய்வது?

ப: ஒரே தடவையில் அளவுக்கு மேல் எடுத்ததன் விளைவு இது. வேர் அப்படியே இருக்கிறது, மேலே கிளை குறைந்துவிட்டது. வேரில் தேங்கிய சத்து முழுவதும் வசந்தத்தில் செங்குத்துப் போத்துகளாகப் பீறிடும். ஓராண்டில் மரத்தின் மேற்பகுதியில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கவேண்டாம். அடைந்த மரம் என்றால் மூன்று குளிர்காலமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

இலை பாதி இருக்கும்போது தொடாதீர்கள். ஆப்பிளைத் தாக்கும் பட்டைப் புற்றுப் பூஞ்சை ஈர நாட்களில் இலை உதிர்ந்த தழும்பு வழியாகவே நுழைந்துவிடும். நாம் வேறு கத்தரியால் வாசல் திறந்துவிடவேண்டாம். மரம் முழு உறக்கத்துக்குப் போன பிறகு, உறைபனி இல்லாத ஒரு வறண்ட நாளைத் தேர்ந்துகொள்ளுங்கள். உறைந்திருக்கும் கிளை வெட்டும்போது நார் நாராகக் கிழியும்.

முதலில் காய்ந்ததும் புற்று பிடித்ததும். அடுத்து ஒன்றோடொன்று உரசும் இரண்டு கிளைகளில் மோசமானது. பிறகு மரத்தின் நடுவை நோக்கி உள்ளே வளர்பவை. இந்த அளவிலேயே உங்கள் நான்கில் ஒரு பங்கு முடிந்துபோக வாய்ப்பிருக்கிறது. முடிந்தால் இறங்கிவிடுங்கள். போத்துகளில் பாதியை அடியோடு எடுங்கள், மீதியில் வாகானவற்றைப் படுக்கைவாட்டில் வளைத்துக் கட்டினால் அவையே காய்க்கும் கிளையாகும். எல்லாப் போத்தையும் பாதி உயரத்தில் நறுக்கிவிடுவதுதான் வழக்கமான தவறு. ஒன்று நாலாகும். இன்னும் விறைக்காத இளம் போத்துகளைக் கோடையில் கையாலேயே பிய்த்துவிட்டால் மறுபடி எழுவது குறையும்.

வெட்டும் முன் மொட்டைப் பாருங்கள். பூ மொட்டு குண்டாக, மெல்லிய ரோமம் போர்த்தி, குட்டைக் குச்சியின் நுனியில் உட்கார்ந்திருக்கும். இலை மொட்டு ஒல்லியாக, கூராக, தண்டோடு ஒட்டியிருக்கும். சில ஆப்பிள் ரகங்கள் நீண்ட கிளைகளின் நுனியில் காய்ப்பவை. அவற்றில் நுனியெல்லாம் நறுக்கினால் அந்த ஆண்டு காய் இல்லை.

பேரி மரத்துக்கும் இதே முறைதான்.

கே: பெரிய கிளையை அறுக்கும்போது அடித்தண்டின் பட்டையும் சேர்ந்து உரிந்து வந்துவிட்டது. வெட்டிய இடத்தில் பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறேன். போதுமா?

ப: பெயிண்ட் தேவையில்லை. அடித்த பூச்சுக்கு அடியில் ஈரம் தங்கி அழுகலுக்கு வசதி செய்துகொடுக்கும். அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ ஏராளமான மரங்களை நெடுகப் பிளந்து உள்ளே அழுகல் எப்படிப் பரவுகிறது என்று பார்த்தவர். காயம்பட்ட இடத்தை மரம் ஆற்றுவதில்லை, அதைச் சுற்றி உள்ளுக்குள் சுவர் எழுப்பி ஒதுக்கிவைக்கிறது என்பதை 1977இல் விளக்கமாக எழுதினார். வெளியில் பூசும் எதுவும் அந்தச் சுவரைப் பலப்படுத்துவதில்லை. சரியான இடத்தில் வெட்டுவதுதான் உதவும்.

அந்த இடம் எது? கிளை அடித்தண்டோடு சேரும் இடத்தைத் தடவிப் பாருங்கள். மோதிரம் போட்டதுபோல் ஒரு புடைப்பு இருக்கும். கிளைக்கழுத்து என்போம். சுவர் எழுப்பும் திசுக்கள் அதற்குள் இருக்கின்றன. புடைப்பை விட்டுவிட்டு, அதன் வெளிவிளிம்பில் வெட்டவேண்டும். அடித்தண்டோடு மட்டமாக வழித்து அறுத்தால் கழுத்தும் போய், காயமும் இரண்டு பங்கு பெரிதாகும். நீளமாகக் கட்டையை மிச்சம் விட்டாலோ அது செத்து அழுகி, அழுகலை உள்ளே கூட்டிப்போகும்.

பட்டை உரியாமலிருக்க மூன்று வெட்டு. முதல் வெட்டு, அடித்தண்டிலிருந்து சுமார் 30 செ.மீ. தள்ளி, கிளையின் அடிப்புறத்தில், பருமனில் கால்பங்கு ஆழத்துக்கு. இரண்டாவது, அதிலிருந்து இன்னும் 4, 5 செ.மீ. வெளியே, மேலிருந்து கீழே. கிளை முறிந்து விழும்போது பட்டை முதல் வெட்டுவரை கிழிந்து அங்கேயே நின்றுவிடும். கனம் போனபின் மிஞ்சிய கட்டையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மூன்றாவது வெட்டாகக் கழுத்தின் விளிம்பில் அறுத்தெடுங்கள்.

ஏற்கெனவே உரிந்த இடத்தில் தொங்கும் பட்டையைக் கூரான கத்தியால், உறுதியாக ஒட்டியிருக்கும் விளிம்புவரை மட்டும் சீர்செய்யுங்கள். அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

கே: பிளம், செர்ரி?

ப: இப்போதும் வேண்டாம், குளிர்காலத்திலும் வேண்டாம். ‘வெள்ளி இலை’ நோய்ப் பூஞ்சையும், பிசின் வடியவைக்கும் பாக்டீரியாப் புற்றும் குளிர்ந்த ஈர மாதங்களில் வெட்டுக்காயம் வழியாக உள்ளே போகும். கொட்டையுள்ள பழமரங்களுக்குக் கோடையில், வறண்ட நாளில் கவாத்து. புயலில் முறிந்துவிட்டால் மட்டும் விலக்கு. முறிந்த பகுதியைச் சுத்தமாக வெட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கே: திராட்சைக் கொடியை வெட்டினால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிகிறது. செத்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

ப: சாகாது. வேரில் நீரோட்டம் தொடங்கியபின் வெட்டியதால் வடிகிறது. பார்க்கப் பதறும், தானே நின்றுவிடும். அடுத்த முறை இலை கொட்டியபின், நீரேற்றம் தொடங்குவதற்கு முன்பே, நடுக் குளிரில் முடித்துவிடுங்கள். இந்த ஆண்டு வளர்ந்த பழுப்புக் கொடிகளை நிரந்தரத் தண்டின் பக்கத்தில் இரண்டு மொட்டு மட்டும் விட்டு வெட்டவேண்டும். புதுவளர்ச்சியில் பத்தில் ஒன்பது பங்கு தரையில் கிடக்கும். திராட்சைக்கு அதுதான் முறை. கடுங்குளிரில் மொட்டு சாகும் இடமாக இருந்தால் முதலில் கொஞ்சம் நீளமாக விட்டு வெட்டி, பின்பனியில் பிழைத்த மொட்டைப் பார்த்து மீதியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மேப்பிள், பிர்ச் மரங்களும் குளிர்காலக் கடைசியில் வெட்டினால் வடியும். அவற்றுக்குப் பின்பனி உகந்ததல்ல.

கே: லாவண்டர் அடியெல்லாம் கட்டையாகி, உச்சியில் மட்டும் பச்சை. இப்போது அடியோடு வெட்டினால் தழையுமா?

ப: தழையாது. இலையில்லாத பழங்கட்டையில் லாவண்டர் அனேகமாகத் துளிர்ப்பதில்லை. ஆண்டுதோறும் பூ முடிந்தவுடன், கோடைக் கடைசியில், பூந்தண்டோடு இளம் வளர்ச்சியையும் நறுக்கி, 2, 3 செ.மீ. பச்சை மிஞ்சும்படி விட்டிருந்தால் இப்படி ஆகியிருக்காது. இப்போது காய்ந்த பூந்தண்டை மட்டும் எடுங்கள். கட்டையாகிப்போன செடிக்கு மருந்து, அதிலிருந்து பதியன் எடுத்துப் புதுச்செடி வைப்பதுதான்.

கே: ராஸ்பெர்ரியில் எதை வெட்டுவது, எதை விடுவது?

ப: கோடையில் காய்க்கும் வகையா, இலை உதிரும் காலத்தில் காய்க்கும் வகையா என்பதைப் பொறுத்தது. கோடை வகையில் காய்த்து முடிந்த தண்டு பழுப்பாகி, பட்டை உரிந்திருக்கும். அது இனிக் காய்க்காது, மண்மட்டத்தில் எடுங்கள். பச்சை மாறாத புதுத்தண்டுகள் அடுத்த ஆண்டுக்கு. செடிக்கு ஆறிலிருந்து எட்டுவரை வைத்துக்கொண்டு, சுமார் 10 செ.மீ. இடைவெளியில் கம்பியில் கட்டுங்கள். பின்பருவ வகையில் எல்லாத் தண்டையும் குளிர்காலக் கடைசியில் மண்மட்டத்துக்கு வெட்டிவிடலாம்.

கே: பூச்செடிகளின் காய்ந்த தண்டுகளைக் குளிர் வருமுன் சுத்தம் செய்துவிடவேண்டுமா?

ப: சிலவற்றை மட்டும். பியோனியின் தண்டுகளை உறைபனி பட்டு வாடியபின் 5 செ.மீ. விட்டு வெட்டி, தோட்டத்தை விட்டே அப்புறப்படுத்துங்கள். சாம்பல் பூஞ்சை அதில்தான் தங்கும். (மரத்தண்டுள்ள பியோனியை இப்படி வெட்டிவிடாதீர்கள்.) ஹோஸ்டா இலை கூழாகிச் சரிந்துவிடும், நத்தைக்கு வீடு. அதையும் எடுங்கள். ஐரிஸ் இலையை விசிறிபோல் 15 செ.மீ. வைத்து நறுக்கலாம். டேலியா கருகியதும் 10, 15 செ.மீ. தண்டு விட்டு வெட்டி, மண் உறையும் இடங்களில் கிழங்கைத் தோண்டி எடுத்துவையுங்கள்.

எக்கினேசியா, ருட்பெக்கியா, சீடம், சாமந்தி, அலங்காரப் புற்கள் ஆகியவற்றை அப்படியே நிற்கவிடுங்கள். விதை பறவைக்கு, உள்ளீடற்ற தண்டு தேனீக்கு. புல்லை இப்போது ஒட்ட வெட்டினால் குழல்களில் தண்ணீர் இறங்கித் தூர் அழுகும். வசந்தத்தில் புதுமுளை வெளிவரும் முன் வெட்டினால் சரி.

கே: ஊசியிலை வேலியை ஒட்ட வெட்டியதில் பழுப்புத் திட்டு விழுந்துவிட்டது. எப்போது பச்சையாகும்?

ப: பெரும்பாலும் ஆகாது. யூ என்ற மரம் தவிர, வேலிக்கு வைக்கும் ஊசியிலை மரங்களில் பெரும்பாலானவை பழங்கட்டையிலிருந்து துளிர்ப்பதில்லை. பக்கத்துப் பச்சைக் கிளைகளை இழுத்துக் கட்டித் திட்டை மறைக்கத்தான் முடியும். எந்த வேலிக்கும் கடைசி வெட்டு முதல் உறைபனிக்கு ஆறு வாரம் முன். அடி அகலமாகவும் உச்சி குறுகலாகவும் இருக்கவேண்டும். தலைகீழானால் நிழல்பட்டு அடி மொட்டையாகும்.

கே: என் கத்தரி வெட்டுவதைவிட நசுக்குகிறது.

ப: தட்டையான அடிக்கட்டை மேல் அலகு வந்து இறங்கும் வகையாக இருந்தால் அதைக் காய்ந்த குச்சிக்கு ஒதுக்குங்கள். பச்சைக் கிளைக்கு இரண்டு அலகும் ஒன்றையொன்று உரசிக் கடக்கும் கத்தரிதான். பிடிக்கும்போது கூரலகு செடியில் மிஞ்சும் பகுதியின் பக்கமும், கொக்கியலகு வெட்டி எறியும் பகுதியின் பக்கமும் இருக்கட்டும். பலர் மாற்றிப் பிடித்து, நசுங்கிய பகுதியைச் செடியிலேயே விட்டுவிடுகிறார்கள். சுமார் 2 செ.மீ. பருமன்வரை கைக்கத்தரி, 4 செ.மீ. வரை நீளப்பிடிக் கத்தரி, அதற்கு மேல் ரம்பம். கத்தரியைத் திருகித் திருகி வெட்ட நேர்ந்தாலே அது அளவுக்கு மீறிய கிளை என்று அர்த்தம்.

வெட்டு, வெளிநோக்கிய மொட்டுக்கு அரை செ.மீ. மேலே, மொட்டுக்கு எதிர்ப்பக்கம் தண்ணீர் வழியும்படி சாய்வாக. அதைவிட நெருங்கினால் மொட்டு காயும், தள்ளினால் நுனி செத்துக் கருகும். நோய்பட்ட செடியை வெட்டியபின் அலகுகளை 70 சதவீத ஆல்கஹாலால் துடையுங்கள். ஒரு பங்கு பிளீச், ஒன்பது பங்கு தண்ணீர் கலவையும் ஆகும், ஆனால் இரும்பை அரிக்கும். கழுவி, துடைத்து, எண்ணெய் விட்டு வையுங்கள். ஆப்பிள், பேரியில் கிளை தீப்பட்டதுபோல் கருகும் நோய் வந்திருந்தால் கருகல் தெரியும் இடத்துக்கு 20 முதல் 30 செ.மீ. கீழே வெட்டவேண்டும், ஒவ்வொரு வெட்டுக்கும் துடைக்கவேண்டும்.

கே: இதையெல்லாம் படிப்பதற்கு முன்பே இரண்டு வாரத்துக்கு முன் புதர்களையெல்லாம் வெட்டிவிட்டேன். இப்போது தளிர் விட்டு நிற்கிறது. தளிரைக் கிள்ளிவிடவா?

ப: கிள்ளாதீர்கள். கிள்ளினால் அடுத்த மொட்டு எழும். உரம் எதுவும் போடவேண்டாம், முக்கியமாகத் தழைச்சத்து. மண் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். உறைபனியில் அந்தத் தளிர் கருகத்தான் செய்யும், கருகியதும் உடனே வெட்டப் போகாதீர்கள். தொங்கிக்கொண்டிருக்கட்டும். குளிர்காலக் கடைசியில் முதல் கேள்வியில் சொன்னபடி நகத்தால் சுரண்டிப் பார்த்து, பச்சை தெரியும் இடத்துக்குக் கீழே முதல் நல்ல மொட்டுக்கு மேல் வெட்டுங்கள். வெட்டியவற்றுள் லைலாக்கோ ஃபோர்சித்தியாவோ இருந்தால், அவற்றை வரும் வசந்தத்தில் பூ வந்த அளவுக்குப் பார்த்துவிட்டு, பூ முடிந்தபின் தொடுங்கள்.